ரஸ்தாளிக்கு மருந்து தேடிய கிருபாவதி

மாண்புமிக்க தலைவர் பலவேசம் ஐயா அவர்களே! முல்லையாற்றங்கரையில் முதுகு வளைய உழைத்து முடி நரைத்த மூத்தோரே! பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு, தேனி கடைவீதியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெபராணி அம்மையாரே! வேலைவெட்டியை விட்டுவிட்டு இந்த வீரபாண்டியில் வந்து கூடியிருக்கும் வாழை விவசாயிகளே! பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு பேச்சுக் கேட்க அமர்ந்திருக்கும் தாய்மாரே! கண்ணீர் கலந்த என் வணக்கம்.

கல்யாணத்துக்குக் கூடுவோம், காதுகுத்துக்குக் கூடுவோம், கவுமாரியம்மன் திருவிழாவுக்குக் கூடுவோம். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணின் இரங்கல் கூட்டத்துக்கா இத்தனை வேட்டி, இத்தனை சேலை? ஏன் வந்தோம்? என் தங்கை போன்ற கிருபாவதி நம் வாழைக்காக அழுதவள். அதனால் வந்தோம்.

ரஸ்தாளி போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குலை தள்ளும் நேரத்தில் இலை மஞ்சளாகும். மட்டை ஒடிந்து தொங்கும். மரத்தை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடு ஓடும். மண்ணிலிருக்கும் பூஞ்சை வேர்வழியே ஏறி மரத்தின் கழுத்தை நெரிக்கிறது. எத்தனை மருந்து ஊற்றினோம்? கேட்டதா? எத்தனை கன்று மாற்றினோம்? கேட்டதா? ரஸ்தாளியையே மறந்துவிட்டு வேறு வாழைக்குப் போனவர்கள் இங்கே பாதிப்பேர்.

அந்தப் பூஞ்சைக்கு எதிரியைக் கிருபாவதி எங்கே தேடினாள் தெரியுமா? மலையிலா? மருந்துக் கடையிலா? குப்பையில்! வாடகை வீட்டுக் கொல்லையில் சாணமும் வாழைச்சருகும் குவித்து வைத்தாள். “ஏம்மா, காலேசுல படிச்சது குப்பை அள்ளவா?” என்று கேட்டேன். “கைய உள்ள விட்டுப் பாருங்கண்ணே” என்றாள். விட்டேன். சூடு தாங்காமல் துள்ளியதில் வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம்! சிரியுங்கள், சிரியுங்கள், அவளும் அன்று அப்படித்தான் சிரித்தாள்.

அந்தச் சூட்டில் நாம் வெந்துபோவோம். ஆனால் அந்தச் சூட்டில்தான் கண்ணுக்குத் தெரியாத சில கிருமிகள் செழித்து வாழ்கின்றனவாம். அவை கசியவிடும் நொதி, பூஞ்சையின் தோலையே கரைத்துவிடுமாம். கண்ணாடித் தட்டில் எனக்குக் காட்டினாள். பஞ்சுபோல் படர்ந்திருந்த பூஞ்சை, அந்த நொதித் துளி பட்ட இடத்தில் மட்டும் வட்டமாய்க் கரைந்து போயிருந்தது. “தட்டுல நடந்துருச்சுண்ணே. இனி மண்ணுல நடக்கணும்” என்றாள்.

நடக்கவில்லையே, பெரியோர்களே! கல்லூரியில் கரண்டு போய்ப் போய்ச் சூடு குறைந்து, தட்டில் வளர்த்ததிலெல்லாம் வேறு கிருமி கலந்து கெட்டது. குவியலிலிருந்து மறுபடி எடுக்கலாம் என்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு அம்மை போட்டது. பெரியம்மை ஒழிந்துவிட்டதென்று ரேடியோவில் சொன்ன பிறகு வந்த சின்னம்மை. சின்னம்மைதானே என்றிருந்தோம்.

பக்கத்து வீட்டு மொக்கம்மாளுக்கு அவள் பெறாத மகள். அம்மை கண்ட இடத்தில் அனல் ஆகாது என்பது நம் வழக்கம். கிருபாவதி சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண். ஆனாலும் அவளுக்காக மொக்கம்மாள் தன் வீட்டில் தாளிப்பதையே நிறுத்தினார். அவள் வாசலில் வேப்பிலை சொருகினார். கொல்லைக்குப் போனால் குவியல் புகைகிறது! “ஆத்தா எறங்கியிருக்கா, தலமாட்டுலயே இம்புட்டு அனலா? எம்புள்ள எப்படித் தாங்கும்?” என்று பதறி, மம்பட்டியால் குவியலை இழுத்துப் பரத்தினார். ஆற்றிலிருந்து குடங்குடமாய்ச் சுமந்து ஊற்றினார். குவியல் குளிர்ந்தது, காய்ச்சல் குளிரவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டும், நெஞ்சில் சளி கட்டிக் கிருபாவதி போய்விட்டாள்.

என்ன தம்பி? பின்னாலிருந்து என்ன சத்தம்? “கெடுத்ததே அந்தக் கெழவிதான்” என்றா? உட்காருங்கள்! ஆத்தா மொக்கம்மா, நீங்கள் எழுந்து போகாதீர்கள். உங்களை உட்கார வைக்கத்தான் நான் மேடை ஏறினேன்.

மருந்தைக் கொன்றவர் என்று ஊர் இவரை ஏசுகிறது. தண்ணீருக்குப் போனால் முகத்தைத் திருப்புகிறது. அன்பு செய்ததற்கா தண்டனை? அழுதுகொண்டே ஊற்றிய தண்ணீருக்கா தண்டனை? அந்த மருந்தைப் பறிகொடுத்த கிருபாவதியே என்ன சொன்னாள் என்று கேளுங்கள். அவள் கட்டிலருகில் நான் நின்றேன். மருந்து அந்தக் குவியலில்தான் இருந்தது என்று தெரிந்து மொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னாள்: “அழாதீக ஆத்தா. அதுக சாகல. குளுந்தா வெத மாதிரி ஒறங்கும். திரும்பக் குவிச்சு விடுங்க, சூடு ஏறுனா முழிச்சுக்கிரும். ஏறுனதும் எங்கிட்டச் சொல்லுங்க.”

கல்லறை மண் காயுமுன்பே மொக்கம்மாள் குவித்துவிட்டார். பரத்தியதையெல்லாம் வழித்தெடுத்து, புதுச் சாணம் சேர்த்துக் குவித்தார். நேற்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புகைகிறது ஐயா, புகைகிறது! ஆனால் அதற்குள் எது மருந்து, எது வெறும் அழுக்கு என்று பிரித்தெடுக்கத் தெரிந்தவள் இல்லையே! படித்த ஒருவர் வரும்வரை அந்தக் குவியலின் சூடு தணியக் கூடாது. சாணம் கொண்டு வாருங்கள், சருகு கொண்டு வாருங்கள். ஏச்சை மட்டும் அந்தக் கொல்லைக்குள் கொண்டு வராதீர்கள்!

குவியலில் விட்டுச் சுட்டுக்கொண்ட விரலைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு இவர் என்னிடம் ஒன்று கேட்டார். “சூடு ஏறிருச்சுய்யா. ஏறுனதும் சொல்லச் சொல்லுச்சே எம்புள்ள. நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?”

கூட்டம் கலையும்போது, பதில் தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாதவர்கள் அவர் கையையாவது பிடித்துவிட்டுப் போங்கள். பொறுத்திருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.