எலும்பெடுக்கும் மாதம்

எழுந்ததும் ரெய்தெல் வாளியில் தண்ணீர் பிடித்தான். முகம் மழித்தான். காபி போட்டு இரண்டு கோப்பைகளில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதைக் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தான். வாசல் கதவு வழக்கம்போல இரவெல்லாம் திறந்தே கிடந்தது. பந்து பிடிக்கும் தோலுறையைப் பையில் வைத்தபோது தொலைபேசி அடித்தது.

"ஹலோ... ஹலோ, யாரு?... மாய்கெல்! சொல்லு மச்சான்... ஆமா, ஆமா, கிளம்பிட்டே இருக்கேன். டீம் பஸ் முனைக்கு வந்ததும் ஹாரன் அடிப்பான்... அந்தக் கிழட்டு பஸ்தான், வேற எது? உன் சீட்டுல ஸ்பிரிங் இன்னும் குத்துது."

மாய்கெல் ரெய்தெலின் மனைவி யானெலிஸின் அண்ணன். ரெய்தெல் ஆடும் ஒல்கின் பேஸ்பால் அணியில் பந்து வீசியவன். மெக்சிகோவுக்கு ஆடப் போனபோது ஓட்டலிலிருந்து நழுவி அங்கேயே தங்கிவிட்டான். அப்படித் தங்கியவர்களை எட்டு வருடம் கியூபாவுக்குள் விடமாட்டார்கள். தங்கை செத்தபோதும் அவனால் வர முடியவில்லை. இன்று ரெய்தெலின் அணி அவன் இருக்கும் மெரிதாவுக்கே ஆடப் போகிறது. நழுவுவதைப் போனில் பேச முடியாது, ஒட்டுக் கேட்பார்கள். அதனால் அதைக் கல்யாணம் என்பார்கள்.

"...கல்யாணமா?... கேக்குது, கேக்குது, கத்தாதே... பின்பக்கக் கேட்டு, வெள்ளைக் கார், சரி... உங்க டீம்ல இடது களத்துக்கு என்னையா கேக்கறாங்க?... முப்பத்தொண்ணு ஆயிடுச்சுடா. பந்து உசரப் போனா நான் ஓடறதுக்கு முன்னாடி முட்டி ஒரு தடவை யோசிக்குது... சிரிக்காதே... தெரியும், தெரியும். இதை விட்டா அடுத்த வருஷம் எவனும் கூப்பிடமாட்டான். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் குட்டிக்கரணம் கத்துக்கொடுப்பேன். அதுக்குத்தானே டிகிரி வாங்கினேன்... ம்... ம்... இல்ல மச்சான். நான் வரல... பயமெல்லாம் இல்ல... அட, கேளுடா. கல்லறைலேர்ந்து ஆள் வந்துட்டுப் போனான். அடுத்த மாசம் ரெண்டு வருஷம் முடியுது... ஆமா. அவளை எடுக்கணும்."

அங்கே அதுதான் வழக்கம். இரண்டு வருடமானால் கல்லறையைத் திறப்பார்கள். எலும்புகளைத் துடைத்து ஒரு சின்னப் பெட்டியில் வைக்க வீட்டு மனிதர் ஒருவர் நிற்க வேண்டும். யாரும் வராத எலும்புகள் பொதுக் குழிக்குப் போகும்.

"...வேற யாரு இருக்கா? உங்கம்மா போயாச்சு. நீ அங்க இருக்கே... கச்சிதாக்காவா? பக்கத்து வீடுன்னு சொன்னா ஒத்துக்கமாட்டான்... தள்ளிப்போட முடியுமான்னு கேட்டேன். இடத்துக்கு ஆள் காத்திருக்காம்... ஆடுவேன். ஏன் ஆடாம? ஆடிட்டு டீமோட திரும்பிடுவேன்... பைத்தியம்னே வெச்சுக்கோ... எலும்புதான். உசுரில்லதான். எனக்குத் தெரியாதாடா!"

குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். அடுப்பு மேடையை ஈரத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"...மாய்கெல்? இருக்கியா?... அழாதே... பெட்டியா? வாங்கிட்டேன்... சின்னதுதான். என் மட்டைப் பை அளவுகூட இல்ல... சரி. உன் பேரையும் சொல்லித் துடைக்கறேன்... முடி அப்படியே இருக்குமாம். அந்த ஆள் சொன்னான்... ஆமா, அந்த நீளமே. சீப்பு எடுத்து வெச்சிருக்கேன்."

"...என்ன?... 'ஜெயிச்சுட்டு வா'ன்னு அவ கடைசியா சொன்னாளா? எவன் சொன்னான்?... ரேடியோக்காரன் சொல்லுவான். அவனா கட்டில் பக்கத்துல இருந்தான்?... நீயும் இத்தன நாளா அதை நம்பிட்டு இருந்தியா... இல்லடா. அவ அப்படிச் சொல்லல... அன்னிக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு. ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடிச்சா. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். டெங்கு அப்படித்தான் ஏமாத்தும்னு ஆஸ்பத்திரியில அப்புறம்தான் சொன்னாங்க... ஆட்டத்துக்கு நேரமாச்சுன்னு பையைத் தூக்கிட்டேன். கதவுல கை வெச்சேன்..."

தெருமுனையில் ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

"...கச்சிதாக்கா! வரேன்னு சொல்லு டிரைவர்கிட்ட!... உன்கிட்ட இல்ல மச்சான்... ஆமா, வந்துடுச்சு. கார் வேணாம். காரை அனுப்பாதே. நீ வா. இடது பக்கம், கம்பி வலைகிட்ட உக்காரு. ஆட்டத்து நடுவுல ஓடி வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்... ஹலோ?... விட்டு விட்டுக் கேக்குது... என்னதான் சொன்னாளா?... சொல்றேன், லைன் போறதுக்குள்ள சொல்லிடறேன். பெருசா ஒண்ணும் இல்லடா. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. திரும்பாமயே சொன்னா: 'கதவைச் சாத்தாதே. கச்சிதாக்கா ரேடியோ வெப்பாங்க. உன் பேரு வருதான்னு கேக்கணும்.'"