பழைய தரைக்கு மேல

— இன்னொரு தடவை தட்டுறேன், காதைக் குடுத்துக் கேளுங்க ஐயா. இது ‘டங்’குனு கேக்குதா? இப்ப இது. ‘பொதக்’குனு வருதா இல்லையா?

— ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.

— அட, என்னங்கய்யா நீங்க! பத்தொன்பது வருஷமா முட்டி தேய டைல்ஸ் ஒட்டுறவ சொல்றேன். இந்தச் சுவரோரத்துல பதினாலு கல்லுக்கு அடியில வெறும் காத்து. அதுக்கு மேல புதுசு ஒட்டினா ரெண்டே மாசத்துல விரிசல் விட்டுரும்.

— இந்தா பாரும்மா. கடை வாடகை அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கு? பழைய தரையைப் பேக்கக் கூடாது, உளி படக் கூடாது. தலையைத் தலையை ஆட்டிட்டுத்தானே கையெழுத்துப் போட்ட?

— போட்டேன், இல்லைங்கல. மேலயே ஒட்டிடலாம்னுதான் நானும் வந்தேன். ஒட்டவும் முடியும். பழைய கல்லைச் சுரண்டி சொரசொரப்பாக்கி, பசை போட்டு ஒட்டினா அசையாது. தரை அரை இஞ்சு ஏறும், அவ்வளவுதான். ஷட்டர் இடிக்காது, அளந்து பாத்துட்டேன். பின்னாடி ரூம் கதவு உரசும், அடியில கொஞ்சம் இழைச்சா சரியாயிடும்.

— அப்புறம் என்ன? ஒட்டு.

— அடியில பிடிமானம் வேணுமே! இந்தப் பதினாலை மட்டும் பேத்து எடுத்து, பள்ளத்தை அடைச்சு மட்டம் பண்ணிக்கிறேன். மத்த கல்லுல உளியே படாது.

— முடியாது.

— ஐயா, நான் திறக்கப்போறது டைல்ஸ் கடை. வர்றவங்க சுவரையா பாப்பாங்க? முதல்ல தரையைத்தான் பாப்பாங்க. தரை விரிஞ்ச கடையில எவன் டைல்ஸ் வாங்குவான்? இத்தனை வருஷம் அடுத்தவங்க வீட்டுத் தரையிலயே தவழ்ந்தாச்சு. இப்பத்தான் எழுந்து நின்னு வியாபாரம் பண்ணலாம்னு ஒரு ஆசை. அடுத்த வெள்ளிக்கிழமை திறக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்.

— கண்ணாடி மாதிரி இருக்கிற தரை. இதைப் போய் உடைக்கணுங்கிற.

— பாக்கத்தான் கண்ணாடி. வேலை தெரியாத ஆளு எவனோ போட்டிருக்கான். கலவையை முழுசாப் பரப்பாம, நடுவுல ஒரு உருண்டை, மூலைக்கு ஒரு உருண்டைன்னு வெச்சு அமுக்கிட்டுப் போயிருக்கான். யாருங்கய்யா அந்த மகராசன்?

— யாரா இருந்தா உனக்கென்ன? ஒட்ட முடிஞ்சா ஒட்டு. முடியலன்னா விடு.

— இவ்வளவு சொல்லியும் இப்படிப் பேசினா நான் என்ன பண்றது? எனக்கு மனசு ஒப்பல. தெரிஞ்சே தப்பான வேலை செய்ய மாட்டேன். நான் வேற இடம் பாத்துக்கிறேன். இந்தாங்க, சாவியைப் பிடிங்க.

— சாவியை நீட்டாத.

— ஏங்க?

— நீட்டாதன்னா நீட்டாத! உள்ள வை அதை.

— சரி, சரி. வெச்சுட்டேன். ஏன் இப்படிப் பதறுறீங்க? அந்தப் பசை மூட்டை மேல கொஞ்சம் உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— ஒண்ணும் வேணாம். அடியில பைப் போகுதும்மா. எங்க போகுதுன்னு எனக்கே தெரியாது. நீ பாட்டுக்கு உளியை இறக்கி அது உடைஞ்சா? அதான் வேணாங்கிறேன்.

— பைப்தான் பயமா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! தரை போட்டவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சது.

— அவன்கிட்ட கேக்க முடியாது.

— ஏன், ஆள் இருக்காருல்ல?

— வாயைக் கழுவு! இருக்கான். நல்லாத்தான் இருக்கான்.

— அப்ப நம்பரைக் குடுங்க, நான் பேசுறேன்.

— அவன் என் பையன்மா.

— ஐயையோ. வேலை தெரியாத ஆளு, அது இதுன்னு உளறிட்டேனே. தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. என் வாய் எப்பவும் எனக்கு முன்னாடி ஓடும்.

— நீ சொன்னதுல தப்பில்ல. நானும் அதையேதான் சொன்னேன். அவன் மூஞ்சிக்கு நேரா, கடைக்கு வந்தவங்க நாலு பேரு நிக்கும்போது.

— என்ன கடை வெச்சிருந்தாரு?

— வண்ண மீன் கடை. இந்தச் சுவர் நீளத்துக்கும் கண்ணாடித் தொட்டி. ஆள் வெச்சுப் போடுடான்னேன், கேக்கல. ராத்திரி பகலா உக்காந்து தரையை அவனே போட்டான். எட்டு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு நாள் அடியில ஒரு கல்லு லேசா அமுங்கி, ஸ்டாண்டு சாஞ்சு, பெரிய தொட்டி உடைஞ்சுபோச்சு. தரையெல்லாம் மீன் துள்ளுது. இவன் கண்ணாடிச் சில்லுக்கு நடுவுல மண்டி போட்டு, ஒவ்வொண்ணாப் பொறுக்கி வாளியில போடுறான். நான் வாசல்ல நின்னுக்கிட்டு, தரையே ஒழுங்காப் போடத் தெரியல, நீயெல்லாம் என்னடா கடை நடத்திக் கிழிக்கப்போறன்னு கேட்டேன்.

— அடக் கடவுளே.

— கடைசி மீன் வரைக்கும் பொறுக்கினான். எழுந்து வந்து சாவியை இப்படி நீட்டினான். நானும் வாங்கிக்கிட்டேன். ஆறு வருஷம் ஆச்சு.

— அதுக்கப்புறம் பேசவே இல்லையா?

— அவங்க அம்மாகிட்ட பேசுவான், சனிக்கிழமை சாயங்காலம். நான் வேணும்னே செருப்பை மாட்டிக்கிட்டு நடக்கக் கிளம்பிடுவேன். அவங்களாவது நிம்மதியாப் பேசட்டும்னு.

— நடந்துட்டு வந்து அவங்க அம்மாகிட்ட விசாரிப்பீங்களா?

— கேக்க மாட்டேன். அவளா சமையல்கட்டுல பாத்திரத்துக்கிட்ட சொல்ற மாதிரி சத்தமாச் சொல்வா. வேலை கிடைச்சிருச்சாம், காய்ச்சல் விட்டுருச்சாம்னு.

— நீங்க?

— நான் பேப்பர் படிப்பேன்.

— நல்லாப் படிச்சீங்க! சரி, நம்பரைச் சொல்லுங்க.

— என்கிட்ட ஏது நம்பர்?

— ஐயா...

— சொல்றேன், எழுதிக்க. ஆனா நான் பேச மாட்டேன்.

— நீங்க பேச வேணாம். கேட்டாப் போதும். ரிங் போகுது. ஸ்பீக்கர்ல போடுறேன். எழுந்திரிக்காதீங்க! ஹலோ, தம்பி?

— சொல்லுங்க, யாரு?

— நான் டைல்ஸ் ஒட்டுறவ தம்பி. உங்க வீட்டுக்குக் கீழ இருக்கிற கடையை வாடகைக்கு எடுத்திருக்கேன். நேத்துத்தான் சாவி வாங்கினேன்.

— வாடகைக்கு விட்டுட்டாங்களா? அப்படியா. சரிங்கக்கா.

— உங்க தரை மேல புதுசு ஒட்டப்போறேன். சுவரோரத்துல மட்டும் கொஞ்சம் பேக்க வேண்டியிருக்கு. பைப் எந்தப் பக்கம் போகுதுன்னு கேக்கலாம்னுதான்.

— நேரா வராதுக்கா, குறுக்கே வரும். பின்னாடி ரூம் கதவுலேருந்து மூணாவது கல்லு, அங்கேருந்து முன்பக்கத் தூணுக்குப் போகும். சுவரோரத்துல பைப் இல்ல, தாராளமாப் பேக்கலாம்.

— ஆறு வருஷம் கழிச்சும் கல்லுக் கணக்கு மறக்கலையே!

— நானே போட்டது, எப்படி மறக்கும்? சுவரோரம் பொதக்னு கேக்குதுல்ல? கலவை பத்தல. அப்பவே தெரியும்கா எனக்கு. அப்புறம் பாத்துக்கலாம்னு மேல தொட்டியை வெச்சுட்டேன். அப்பா சொன்னது சரிதான்.

— இல்லடா.

— அப்பா?

— தரையைப் பத்திச் சொன்னது சரி. உன்னைப் பத்திச் சொன்னது தப்பு. அன்னைக்கு நானும் குனிஞ்சு ரெண்டு மீனைப் பொறுக்கியிருக்கணும்.

— அப்பாதான் தம்பி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— கேக்குதுக்கா. அப்பா, பிரஷர் மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா?

— போடுறேன், போடுறேன். உங்கம்மா விடுவாளா?

— ஏன்பா இத்தனை நாள் கடையைப் பூட்டியே வெச்சிருந்தீங்க? வாடகையாவது வந்திருக்குமே.

— கேட்டு வந்தவங்க எல்லாரும் எடுத்த எடுப்புல தரையை உடைக்கணும்னாங்க. இந்தப் பொண்ணு ஒருத்திதான் மேல ஒட்டிக்கிறேன்னா. நீ போட்டது அடியிலயாவது இருக்கட்டுமேன்னு விட்டேன்.

— இதுக்காகவாங்கய்யா எனக்குக் கடை குடுத்தீங்க? நான் என்னவோ என் மூஞ்சியைப் பாத்துக் குடுத்தீங்கன்னு நினைச்சேன்!

— அப்பா, சுவரோரத்தைப் பேக்கச் சொல்லுங்க. அதை அப்படியே விட்டா நாளைக்கு அக்கா கடையும் என் கடை மாதிரி ஆயிடும்.

— நீ சொன்னா சரி. பேத்துரும்மா.

— இது போதும் எனக்கு. ரொம்ப நன்றி தம்பி. என்ன, ஒரே ஹாரன் சத்தமா இருக்கு? வண்டி ஓட்டிக்கிட்டே பேசுறீங்களா?

— இல்லக்கா, ஓரமா நிறுத்தியிருக்கேன். சரக்கு வேன்தான் ஓட்டுறேன். ஒரு மாசமா லைன் மாத்தி விட்டிருக்காங்க.

— எந்தப் பக்கம்டா லைன்?

— நம்ம தெரு வழியாத்தான்பா. தினமும் ரெண்டு தடவை போவேன், எப்பவும் ஷட்டர் பூட்டியே இருக்கும். இன்னைக்குத் திறந்திருந்ததும் கால் தானா பிரேக்கை மிதிச்சிருச்சு. அரை மணி நேரமா எதிர்ப்பக்கம்தான் உக்காந்திருக்கேன். உள்ள வரட்டுமாப்பா?