லென்ஸுக்குள் பூத்த காளான்

"காளானத் தொடைக்கச் சொல்லி நான் ஒன்னக் கேட்டனா மச்சான்?"

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர். கேட்டவரின் மடியில் ஒரு டிஜிட்டல் கேமரா. அதில் பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸை மாட்டியிருந்தார். ஜன்னலோரம் அவர் மனைவியின் தம்பி.

"லென்ஸுக்குள்ள வெள்ளையா பூத்துக் கெடந்துச்சு மாமா. கல்யாணத்துக்கு எடுக்கப் போறமேன்னு கழட்டி சுத்தமா தொடச்சி வச்சேன்."

"அந்த வெள்ளதான்டா படத்துல பனியா விழும். நெல்லிக்குப்பம் கல்யாணத்துல எடுத்ததப் பாத்துட்டு, எனக்கும் அதே மாதிரி வேணும்னு இந்தக் கல்யாணப் பொண்ணு கேட்டுச்சு."

"கம்ப்யூட்டர்ல பனி போட்டுக்கலாமே?"

"அந்தப் பொண்ணுக்குக் கன்னத்துல தீக்காயம் மச்சான். கம்ப்யூட்டர்ல கை வச்சா காயத்த அழிச்சிடுவீங்க, அப்புறம் அது என் மூஞ்சியா இருக்காதுன்னுச்சு. காயமும் இருக்கணுமாம், பனியும் இருக்கணுமாம்."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. பிறகு தம்பிக்காரர் கேமராவை வாங்கி, லென்ஸின் மேல் வாயால் ஆவி ஊதி, வெளியே நீட்டி அமுக்கினார். திரையில் பனைமரங்கள் பாலில் நனைந்ததுபோல் நின்றன. இருவரும் தலை சாய்த்துப் பார்த்தார்கள். நானும்தான்.

"வருதுடா! எவ்ளோ நேரம் நிக்குது?"

மறுபடி ஊதி எண்ணினார்.

"ஆறு எண்றதுக்குள்ள போயிடுது மாமா."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு சிரிக்கணுமே."

"நீங்க கேமராவ ஊதறதப் பாத்தாலே சிரிச்சிடும்."