நாற்பத்தைந்து நிமிடம் வராத எச்சரிக்கை

எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் ஆட்கள் முதலில் மாற்றச் சொல்வது நிறத்தைத்தான். எங்கள் நர்சிங் ஹோமிலும் அப்படித்தான். ரிசப்ஷன் ஜோவிதாவுக்கு ரோஸ், பார்மசி ஹஃபீசா அக்காவுக்குக் கிளிப்பச்சை. அட்மின் நான் என்பதால் ஒவ்வொருவர் பெயராகத் திறந்து, கேட்டபடி மாற்றிக் கொடுத்தேன். பகலில் கிழக்குத் தாம்பரத்தில் அந்த வேலை. மாலை ஆறரைக்கு மேற்கே கம்ப்யூட்டர் வகுப்பு. எதை மாற்றினாலும் முன்பு எப்படி இருந்தது என்று டைரியில் குறித்துவிடுவேன். என் கை மீது எனக்கே நம்பிக்கை குறைவு. டைரி உங்கள் மேஜையில்தான் இருக்கிறது சார்.

அலர்ஜி எச்சரிக்கை மட்டும் யாரும் கேட்காமல் நான் வைத்தது. நோயாளிகளின் பழைய கார்டுகளை எட்டு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். ஒருவருக்கு ஆகாத மருந்தை பார்மசியில் அடித்தால் சிவப்புப் பெட்டி வந்து மறிக்கும். லேசான அரிப்புக்கும் வரும். அதுதான் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பிடிக்கவில்லை.

“டெனிஸ் தம்பி, உன் பொட்டி என் மாமியாரைவிட மோசம்பா. கையை வச்சாலே கத்துது” என்பார் ஹஃபீசா அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பெட்டியை நம்பித்தான் அவர் கார்டைப் பார்ப்பதை விட்டிருந்தார்.

பிப்ரவரி கடைசியில் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் கூப்பிட்டார்.

“ஒண்ணாம் தேதியிலேர்ந்து எல்லாருக்கும் அந்தப் பொட்டியை எடுத்துடுப்பா. கியூ வாசல் வரைக்கும் நிக்குது.”

“சார், யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?”

“இத்தனை வருஷமா ஆச்சா? கோர்ஸ் முடிக்கறதுக்குள்ளயே டாக்டர் ஆயிட்டியா நீ?”

நான் சொன்னது தவறோ என்று இரண்டு நாள் யோசித்தேன். தவறில்லை. ஆனால் சொல்லிப் புரிய வைக்க எனக்கு வராது. எச்சரிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒருமுறை அவர்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

லாசரஸ் என்று ஒரு பெரியவர், அனகாபுத்தூர். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற செவ்வாய்தோறும் வருவார். எங்கள் டியூட்டி டாக்டர் புண் என்றாலே ஒரே மாத்திரையைத்தான் எழுதுவார். அது லாசரஸுக்கு ஆகாது. முன்பு இரண்டு முறை பெட்டி மறித்து, ஹஃபீசா அக்கா சீட்டைத் திருப்பி அனுப்பி, டாக்டர் வேறு எழுதினார். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. தடுக்கப்பட்டதை யார் நினைவில் வைப்பார்கள்?

ஒண்ணாம் தேதிக்கு முந்தைய செவ்வாய் டாக்டர் மறுபடியும் அதையே எழுதினார். 9.40க்கு சாஃப்ட்வேரில் ஹஃபீசா அக்காவின் பெயரைத் திறந்து, அவருக்கு மட்டும் எச்சரிக்கைக்கான டிக்கை எடுத்தேன். சரியாக எடுத்தேனா என்று மூன்று முறை பார்த்தேன். 10.05க்கு லாசரஸ் மாத்திரை வாங்கினார். கவுண்டர் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினார். என்னைப் பார்த்து, “சாப்ட்டியா தம்பி?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். 10.25க்கு டிக்கை மறுபடி போட்டேன். பஸ் குரோம்பேட்டை தாண்டுவதற்குள் அவர் இறந்துவிட்டதாக மதியம் தகவல் வந்தது.

ஹஃபீசா அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பெட்டி வரவேயில்லை என்று அழுதார். மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் திறந்து பார்த்தார், டிக் இருந்தது. அக்காவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் எச்சரிக்கையை எடுக்கும் பேச்சே அதன்பின் எழவில்லை. போன மாதம் மட்டும் பதினோரு பேரை அது காப்பாற்றியிருக்கிறது. அவர்கள் யார் கணக்கில் சார்?

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். நிரூபிக்க நினைத்தேன். லாசரஸின் கார்டில் அரிப்பு என்று மட்டுமா இருந்தது என்றும் கேட்கிறீர்கள். இல்லை. ‘மூச்சடைப்பு, பிழைத்தது அரிது’ என்று இருந்தது. அதை டைப் அடித்தவனே நான்தான். வெறும் அரிப்பு வருகிற ஆளை வைத்து நான் யாரை நம்ப வைப்பது?