செவ்வாய்க்கிழமை முட்டை

எனக்கு முட்டை வாசனையே ஆகாது. ஆனாலும் ஆறு வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கைப்பையில் ஒரு பச்சை முட்டையோடுதான் வேலைக்குப் போனேன். உடம்பைத் தேற்றுகிறேன் என்று வார்டு நர்ஸ் கிண்டல் செய்வாள். நானும் சிரித்து வைப்பேன். ஒருமுறை பேருந்து நெரிசலில் உடைந்து வீட்டுச் சாவி வரைக்கும் வழவழத்துப்போனது. மற்றபடி அதனால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

விசாரிக்க வந்த நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அவசரமில்லை, விவரமாகவே சொல்கிறேன்.

எங்களுடையது குழந்தைகளுக்கு வரும் ஒரு சிறுநீரக நோய் பற்றிய ஆய்வு. உடம்பிலிருக்கும் புரதமெல்லாம் சிறுநீரோடு ஒழுகிப்போகும். முகமும் காலும் வீங்கும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வடியும். செவ்வாய்தோறும் முப்பத்திரண்டு பிள்ளைகள் வருவார்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் சிறுநீர் பிடித்துத் தருவார்கள். அதில் காகித ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்ப்பது என் வேலை. மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் நோய் இருக்கிறது, மாத்திரை தொடரும். மூன்று மாதம் விடாமல் மஞ்சள் என்றால் மாத்திரையும் நிற்கும், ஆய்விலிருந்தும் பெயர் எடுபடும்.

விதியை எழுதிய பெரிய டாக்டர் தங்கமான மனுஷர். பெயர் எடுபட்ட பிள்ளை அப்புறம் எங்கே போகும் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார். எங்கள் அறையில் இலவச மருந்து உண்டு, சுவரில் வாத்துப் படம் உண்டு, அவசரமென்றால் உடனே படுக்கை உண்டு. வெளியே பொது வரிசை. முதன்முதலில் குணமான பையனைக் கைதட்டி அனுப்பிவைத்தோம். நாலு மாதத்தில் நோய் திரும்பியது. பொது வரிசையில் காத்திருக்கும்போதே, அப்பாவின் தோளிலேயே அவன் உயிர் போய்விட்டது. அடுத்த செவ்வாய் முதல் முட்டை வாங்க ஆரம்பித்தேன்.

வெள்ளைக்கருவும் புரதம்தானே, ஒரு சொட்டு போதும். யாருக்கு நோய் விட்டுப்போகிறதோ அவர்கள் கிண்ணத்தில் வாராவாரம் விட்டுக் கலக்கினால் ஸ்ட்ரிப் ஜம்மென்று பச்சையாகும்.

வாயாடி ஐந்து வயதில் எங்களிடம் வந்தாள். பேச்சைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. ஒரே வருடத்தில் அவளுக்குச் சுத்தமாகக் குணமாகிவிட்டது. ஆனாலும் வாரம் தவறாமல் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

"டெஸ்ட் அத்தை, இன்னிக்கு நான் பாஸா ஃபெயிலா?"

"ஃபெயில்டி ராசாத்தி. அடுத்த வாரமும் வரணும்."

"ஹை, ஜாலி!"

அவள் அம்மாதான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, இவளுக்கு வீக்கமே இல்லையே. மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமா?"

"நிறுத்திட்டு அப்புறம் அழுவியா? ஸ்ட்ரிப் பொய் சொல்லாதும்மா" என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

மாத்திரையில் சில சில்லறைத் தொந்தரவுகள் உண்டு, மறைக்கவில்லை. முகம் உப்பியது, வளர்த்தி நின்றது. பத்து வயதிலும் ஆறு வயதுக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். துணிச் செலவு மிச்சம் என்று கேலி செய்வேன், அவளும் சேர்ந்து சிரிப்பாள். படி ஏறினால் இடுப்பு எலும்பு வலிக்கிறது என்றாள். லிஃப்டில் கூட்டிப்போனேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். செவ்வாய்க்கிழமை அந்த அறை காலியாகக் கிடந்தால் என்னால் தாங்க முடியாது, அது வாஸ்தவம். ஆனால் அது வேறு விஷயம்.

பெரிய டாக்டருக்கும் பலன்தான். நம்மைப் போன்ற நாடுகளில் இந்த நோய் லேசில் விடாது, மாத்திரையை வருடக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்று கட்டுரை எழுதி வெளிநாட்டில் வாசித்தார். இப்போது எத்தனையோ ஊர்களில் அப்படித்தான் கொடுக்கிறார்களாம். ஊர் திரும்பியவர் எனக்கு ஒரு பேனா தந்தார்.

போன மாதம் வாயாடியின் வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்னம்மை வந்தது. அவன் பத்தே நாளில் பந்து விளையாடப் போய்விட்டான். இவளுக்கு மாத்திரையால் எதிர்ப்புச் சக்தியே இல்லை. நுரையீரலில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் இறந்தாள். நான் ஒரு வாரம் லீவு போட்டு அழுதேன். அது நடிப்பில்லை.

அங்கேதான் கோட்டை விட்டேன். எனக்குப் பதிலாக வந்த பெண் முட்டை கொண்டுவரவில்லை. ஒரே செவ்வாயில் பத்தொன்பது பேருக்கு ஸ்ட்ரிப் மஞ்சள். பழைய ஸ்ட்ரிப்போ என்று புது டப்பா உடைத்துப் பார்த்தாளாம்.

ஆமாம், பத்தொன்பது பேருக்கும் நான்தான் செய்தேன். வாயாடியையும் சேர்த்தால் இருபது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், அந்தப் பேனாவாலேயே. ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறி வந்த அன்றைக்கு வாயாடி வரிசையில் நிற்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. நோயில்லாத பிள்ளைக்கு அதை யார் கொடுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.