கொஞ்சம் தள்ளிக்கோ

நீல ஸ்வெட்டர் மேடம். நீலம்னே எழுதிக்குங்க. கருநீலமா வெளிர் நீலமான்னா... கருநீலம்னு வச்சுக்கலாம். காலையில அவளுக்கு மாட்டிவிட்டதே நான்தான், எனக்கே தடுமாறுது பாருங்க. மறதி அக்காவுக்கா உங்களுக்கான்னு என் மச்சினி ஸ்டேஷன் வாசல்லயே வச்சுக் கேட்டுட்டா. நீங்க கேக்கல. அதுவே பெரிய விஷயம்.

மச்சினின்னா என் சம்சாரத்தோட கூடப்பிறந்த தங்கச்சி. அவளும் சகலையும் கார்ல பஸ் ஸ்டாப் பக்கமாத் தேடிக்கிட்டு இருக்காங்க. உங்க ஆளுங்களும் அந்தப் பக்கம்தானே போயிருக்காங்க? ஆமா, ஆமா. நான்தான் அப்படிச் சொன்னேன்.

பேரு, வயசு, விலாசம் எல்லாம் முன்னாடி மேசையில எழுதிக்கிட்டாங்க. வியாதியையும் சொல்லிட்டேன். மறதி வியாதி, மூணு வருஷமா. பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புவாளான்னா, அது அன்னன்னைக்குப் பொழுதைப் பொறுத்தது. சில நாள் திரும்புவா. சில நாள் வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு அவளும் சேர்ந்து சுத்துமுத்தும் தேடுவா.

போட்டோவா? அங்கதான் மேடம் மாட்டிக்கிட்டேன். என் வீட்ல எழுபதாயிரம் போட்டோ இருக்கு. ஆறு ஹார்டு டிஸ்க், ஒவ்வொண்ணு மேலயும் என் கையெழுத்துல சீட்டு. குளம், பாலம், பறவை, மலைப்பாதை, விமானம் ஏறுறது, விமானம் இறங்குறது. விமானம்னா வால்ல எழுதியிருக்கற நம்பர் வரைக்கும் குறிச்சு வச்சிருக்கேன். ஒரு நம்பரைச் சொல்லுங்க, அரை நிமிஷத்துல எடுத்துக் காட்டறேன். சம்சாரத்தோட சமீபத்து போட்டோ ஒண்ணு குடுங்கன்னு கேக்கறீங்க, கையும் ஓடல காலும் ஓடல.

இந்தாங்க, அடையாள அட்டை. பதினாலு வருஷம் ஆச்சு. முடியெல்லாம் கறுப்பா இருக்கும், அதை வச்சுத் தேடாதீங்க. அப்ப மருந்துக்கடையில கவுண்டர்ல நின்னா. எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் கடகடன்னு படிப்பா. எழுதின டாக்டரே ஃபோன் பண்ணி, நான் என்ன எழுதியிருக்கேம்மான்னு கேப்பாருன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். இப்ப அவளோட மாத்திரையை அவ கையில குடுத்தா, பட்டன் எந்தச் சட்டையிலேருந்து விழுந்ததுன்னு கேக்கறா.

மகள்கிட்ட இருக்கும் மேடம், அவ ஃபோன்ல. போன தடவை வந்தப்ப நிறைய எடுத்தா. நீங்களும் அம்மாவை எடுங்கப்பான்னு சொல்லிட்டுத்தான் விமானம் ஏறினா. எடுக்கறேன்னேன். இப்ப அவகிட்ட ஒரு படம் அனுப்புன்னு கேட்டா, எதுக்குன்னு கேப்பா இல்ல? அங்கேருந்து என்ன பண்ண முடியும் அவளால? இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொல்றேனே.

சுவத்துல ஒட்டியிருக்கீங்களே, காணாமப் போனவங்க படம், அதைத்தான் இவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் நேராப் பாத்துச் சிரிக்கறாங்க. யாரோ ஒருத்தர் எதிர்ல நின்னு, இங்க பாருன்னு சொல்லி எடுத்திருக்காங்க.

ஏர்போர்ட் வேலிகிட்ட எங்களுக்கு என்ன வேலைன்னா, நியாயமான கேள்விதான். படம் எடுக்கறது. பத்திரிகைக்கெல்லாம் இல்ல, சும்மாத்தான். நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்துக்கு அடியில குழி இருக்கும், தலைக்கு மேல பெட்டி தொங்கும், கீழ நின்னு கிரீஸ் தடவணும். ஆறு நாள் குழிக்குள்ள கிடந்தவனுக்கு ஏழாவது நாள் வானம் பாக்கலேன்னா பைத்தியம் பிடிச்சிடும். அதுக்குத்தான் கேமரா வாங்கினேன். அவ அதுக்கு வச்ச பேரு சக்களத்தி. சக்களத்திக்குச் சாப்பாடு போட்டாச்சான்னு கேப்பா, சார்ஜ் போட்டாச்சான்னு அர்த்தம். கேலி பண்ணுவாளே தவிர, அந்தப் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு எனக்கு முன்னாடி கிளம்பி நிப்பா.

முதல் பஸ் பிடிச்சு, கடைசி ஸ்டாப்ல இறங்கி, கால் போன போக்குல நடப்போம். வயல் வரப்பு, ஆத்துப் பாலம், ஈ காக்கா இல்லாத மலைப்பாதை. அவகிட்ட ஒரே ஒரு தொல்லை, எப்பவும் ஃப்ரேம்ல வந்து நிப்பா. வேணும்னு இல்ல. எனக்கு எது அழகாத் தெரியுதோ அது அவளுக்கும் அழகாத் தெரியும், நேராப் போய் அதுக்கு முன்னாடி நின்னுக்குவா. நான் கேமராவுலேருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை இப்படி ஆட்டுவேன். வலது கை பட்டன்ல இருக்குமே. கொஞ்சம் தள்ளிக்கோம்பேன். தள்ளுவா. இன்னும் கொஞ்சம்பேன். போதும்னா நின்னுடுவா. அதுதான் எங்க பாஷை.

ஒரு தடவை ஒரு குளக்கரை. பெரிய கொக்கு ஒண்ணு ஒத்தக்கால்ல நிக்குது. தள்ளிக்கோன்னேன், தள்ளினா. பறந்துடுமோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததுல போதும்னு சொல்ல மறந்துட்டேன். தொபுக்குன்னு ஒரு சத்தம். பாத்தா முழங்கால் வரைக்கும் சேத்துல நிக்கறா, ஃபிளாஸ்க்கைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஏண்டி, பாத்து நிக்கக்கூடாதான்னா, நீங்க போதும்னு சொல்லலையேங்கறா! ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாம் நாளிலேருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் அவளே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

வர்றேன் மேடம், விஷயத்துக்குத்தான் வர்றேன். எழுதறவங்க கை வலிக்கும், தெரியுது.

வியாதி வந்ததுக்கு அப்புறம் அந்த மாதிரி நடக்க முடியல. அவ பாதையை விட்டுட்டு எங்கயோ போவா, பின்னாடி ஓட எனக்கு முட்டி கிடையாது. அதனாலதான் ஏர்போர்ட். ரன்வே முடியற இடத்துல வேலிக்கு வெளிய ஒரு மேடு இருக்கு. நாம எங்கயும் போக வேண்டாம், படமே நம்மளைத் தேடி வரும். மடக்கு நாற்காலி ரெண்டு போட்டு உக்காந்துக்குவோம். அவளுக்கும் பிடிச்சிருந்தது மேடம், நான் இழுத்துக்கிட்டுப் போகல. ஒவ்வொரு விமானம் இறங்கறப்பவும் கை ஆட்டி, யாரு வர்றாங்கன்னு கேப்பா. மகள் வர்றான்னு சொல்வேன். பொய்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மகள் வருவா, பத்துத் தடவையும் அவ முகம் அப்படி மலரும்.

இன்னைக்கு ஒரு பழைய சரக்கு விமானம் வர வேண்டியிருந்தது. நாலு எஞ்சின். அந்த மாதிரி இப்பப் பறக்கறதே ஒண்ணோ ரெண்டோதான். பதினோரு மாசமா அதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்.

நேரமா? நாலு பதினேழு. நாலு பதினேழும் சில வினாடியும். வினாடி வரைக்கும் எப்படித் தெரியும்னா, கேமராவுல... ஒரு நிமிஷம் மேடம், மச்சினி கூப்பிடறா.

சொல்லும்மா. சரி. சரி. கடைக்காரங்ககிட்டக் கேட்டியா? சரி, அழாதே. நான் இங்கதான் இருக்கேன், எழுதிக்கிட்டு இருக்காங்க. வை.

பஸ் ஸ்டாப்ல இல்லையாம். அங்க இருக்கற கடைக்காரர் மத்தியானத்துலேருந்து அந்த மாதிரி யாரையும் பாக்கலைன்னு சொல்லிட்டாராம். மணி ஆறாகப் போகுது, இல்ல? ஜன்னல்ல வெளிச்சம் குறைஞ்சுடுச்சு.

இந்தக் கேமராவா? இதுல ஒண்ணும் இல்ல மேடம், விமானம்தான் இருக்கு. பேட்டரி வேற... இல்ல. பேட்டரி இருக்கு. தீந்துடுச்சுன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. வாங்க, இப்படி வந்து நின்னீங்கன்னா தெரியும்.

மொத்தம் பதினோரு படம். இது முதல் படம். விமானம் இன்னும் தூரத்துல, விளக்கு மட்டும் தெரியுது. இடது ஓரத்துல மங்கலா ஒரு தோள் தெரியுது பாருங்க. அவதான். ஐயோ, அது நீலம் இல்லையே. சாம்பல். என் பழைய வேலைச்சட்டை மேடம் அது. நாங்க வந்த கார் பின்சீட்டுல கிடந்தது, எப்ப எடுத்து ஸ்வெட்டர் மேல மாட்டிக்கிட்டான்னே தெரியல. பக்கத்துலதான் நின்னா, நான் பாக்கல. அந்த நீலத்தை அடிச்சிடுங்க. சாம்பல் கலர் ஆம்பளைச் சட்டை, முதுகுல பெரிய எழுத்துல லிஃப்ட் சர்வீஸ்னு போட்டிருக்கும்.

ரெண்டாவது படத்துல முழங்கை. மூணாவதுல விரல் நுனி. நாலாவதுலேருந்து யாரும் இல்ல, வானமும் விமானமும்தான். சுத்தமான படம். இந்த மாதிரி ஒண்ணுக்குத்தான் பதினோரு மாசம்.

திரும்பிப் பாத்தது எப்பன்னா, நாலு நாப்பது. விமானம் இறங்கி, ஓடி, திரும்பி, கொட்டகைக்குள்ள போற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணாப் பெரிசு பண்ணிப் பாத்தேன், வால் நம்பர் தெளிவா விழுந்திருக்கான்னு. விழுந்திருந்தது. அப்பத்தான் இங்க பாருடின்னு திரும்பினேன். ரெண்டு நாற்காலியும் காலியா இருந்தது, ஃபிளாஸ்க் மூடி திறந்தபடி இருந்தது.

பஸ் ஸ்டாப் அந்த மேட்டுக்கு வலது பக்கம் மேடம். அக்கா எப்படிப் போனான்னு மச்சினி கேட்டதும் வாயில அதுதான் வந்தது, வீட்டுக்குக் கிளம்பிட்டா போலன்னு. தானாப் போயிட்டான்னு சொன்னா யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க, பாருங்க. உங்ககிட்டயும் அதையே சொல்லி, எல்லாரையும் அந்தப் பக்கம் அனுப்பிட்டு, இங்க உக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்கேன். எனக்கு வெக்கமா இருக்கு. பயமா இருக்கு. இடது பக்கம் நான் வேலியோரமா ஓடிப் பாத்தேன், வளைவு வரைக்கும். அதுக்கு மேல முட்டி மடங்கிடுச்சு. வளைவைத் தாண்டினா மழைத்தண்ணிக் கால்வாய்.

அவ தானாப் போகல. எல்லாத்தையும் மறந்துட்டா மேடம், என் பேரு, மகள் பேரு, கரண்டி எதுக்குன்னுகூட. இது ஒண்ணை மட்டும் மறக்கல. நான் கேமராவைத் தூக்கினா அவ கண்ணு என் இடது கைக்குப் போயிடும். டாக்டர்கிட்டகூடப் பெருமையாச் சொல்லியிருக்கேன். இன்னைக்கும் கையை ஆட்டினேன். கொஞ்சம் தள்ளிக்கோன்னேன். இன்னும் கொஞ்சம்னேன்.

இடது பக்கம் அனுப்புங்க. வயர்லெஸ்ல இப்பவே சொல்லுங்க, வேலியோரமா, கால்வாய்க்கரை வழியா. பேரு சொல்லிக் கத்த வேண்டாம், யாரையோ கூப்பிடறாங்கன்னு அவ பாட்டுக்குப் போயிக்கிட்டே இருப்பா. தூரத்துல ஆள் தெரிஞ்சா, உரக்கப் போதும்னு சொல்லச் சொல்லுங்க. அவ்வளவுதான், நின்னுடுவா. நாலு பதினேழுக்கு நான் அதைச் சொல்லல.