பிக்கப்பின் புது ஏர் ஃபில்டர்

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த சமயம். கோத்தகிரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"ஏனுங்க, நம்ம பிக்கப் வண்டி காட்டெருமையாட்ட மூச்சு விடுது," என்றாள் அவள்.

"புதுசா ஏர் ஃபில்டர் மாட்டினேனில்ல, அதுதான்."

"ஏத்தத்துல நல்லா இழுக்குதுங்களா?"

"முன்ன மாதிரியேதான்."

"டீசலு?"

"அதுவும் மிச்சமில்ல. நாளைக்குப் பழசையே மாட்டிடறேன், விடு."

"கழட்டிராதீங்க. அந்தச் சத்தம் கேட்டதும் இலை பறிக்கிறவங்க எல்லாம் மூட்டையோட ரோட்டுக்கு வந்துடறாங்க. நேத்து பேக்டரிக்கு நம்ம இலைதான் முதல்ல போச்சு. இலை வாடாம இருக்குதுன்னு ஒண்ணையும் கழிக்காம எடுத்துக்கிட்டாங்க."

அவர் சற்று யோசித்தார்.

"அதுக்குத்தான் மாட்டினேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.